ஆக்னஸின் அறுபத்து மூன்று

இரண்டு பேரும் ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், யாருடையதை வைத்துக்கொள்வது என்று நீயே சொல்லு என்று கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை கேட்டு இருபது நிமிடம் ஆகிறது. திருவேங்கடம் இன்னும் பதில் சொல்லவில்லை. அது காத்திருக்கும். அதற்கென்ன, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாளா, நாற்பத்தேழு வயது ஆகிறதா, பிடரியில் நேராக ஏசிக் காற்று வந்து விழுகிறதா. அந்தக் காற்றைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்புங்கள் என்று மூன்று வருடமாகச் சொல்கிறான், யார் கேட்டார்கள். மணி பதினொன்று ஐம்பது. ஒரு மணிக்குள்ள ஆக்னஸோட பிராஞ்சை மெயின்ல சேர்த்துடுங்கண்ணா, அப்புறம் அவங்க லாகின் க்ளோஸ் ஆயிடும் என்று காலையில் நிகிலேஷ் சொல்லிவிட்டுப் போனான். மேனேஜராக வந்து நாலு மாதம் ஆகிறது, முப்பத்து நாலு வயது, எல்லாரையும் அண்ணா அக்கா என்று கூப்பிட்டே வேலையை வாங்கிவிடுவான், வேலையை விட்டும் அனுப்பிவிடுவான். டீமுக்கு ஒரு ஆள் குறைக்கணும் என்று மேலே இருந்து உத்தரவு. இந்த டீமில் குறைக்கிற அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டே பேர், ஒன்று திருவேங்கடம், இன்னொன்று ஆக்னஸ். ஆக்னஸ் என்று முடிவானது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி. அதோ, கண்ணாடி அறைக்குள் எச்.ஆர். பெண்ணின் எதிரில் உட்கார்ந்து லேப்டாப், சார்ஜர், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மணிக்கு நிகிலேஷ் கடைசிக் கையெழுத்தைப் போடுவான். அதுவரைக்கும் எதுவும் முடிந்துவிடவில்லை, எழுந்து போய் நாலு வார்த்தை சொன்னால் போதும், எழுந்தால் என்ன, கால் மரத்துப் போயிருக்கிறது, இந்த ஏசியால்தான்.

மெர்ஜ் செய்வதில், அதாவது ஒருவர் எழுதியதை மெயினோடு சேர்ப்பதில், திருவேங்கடத்தை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஆபீசுக்கே தெரியும். மற்றவர்கள் பட்டனைத் தட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள், சிக்கிக்கொண்டால் அவனிடம் ஓடி வருவார்கள். அவன் மட்டும் கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகக் கையால் அடித்துப் பிரிப்பான். வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவன்தான் பாடம் எடுப்பான். மெயின்தான் எல்லாருக்கும் பொதுவான மூலப் பிரதி, எல்லாரும் அதிலேயே எழுதினால் சந்தைக் கடை ஆகிவிடும், அவரவர் ஒரு கிளை பிரித்துக்கொண்டு போங்கள், அதில் என்ன கூத்து வேண்டுமானாலும் அடியுங்கள், முடிந்ததும் கொண்டு வாருங்கள், நான் சேர்க்கிறேன். அப்படியே சேர்ப்பானா? மாட்டான். கிளையில் அவ்வப்போது சேமித்து வைத்த நூறு கமிட்டையும், நூறு குட்டிக் குறிப்பையும், தப்பையும், தப்பைத் திருத்தியதையும் ஒன்றாக அமுக்கி, ஒரே உருண்டையாக்கி, ஒரே வரி போட்டு மெயினில் வைப்பான். அதற்கு ஸ்க்வாஷ் என்று பெயர். ஆறு வருடத்துக்கு முன்னால் இதுதான் இந்த ஆபீசின் விதி என்று சர்வரிலேயே எழுதிப் பூட்டி வைத்தவனும் அவன்தான். வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும் என்பான். அப்போது அந்த வார்த்தை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. சுத்தம். உருட்டினால் ஒரு விஷயம் நடக்கும், அது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், தெரியாதது போல இருக்கப் பழகிவிட்டான்: யார் எழுதியிருந்தாலும் உருட்டுகிறவன் பெயர்தான் மெயினில் நிற்கும். டீமில் மற்ற மூன்று பேரும் சின்னப் பையன்கள், அவர்கள் சண்டை போட்டுத் தங்கள் பெயரைத் தனியாகப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள், அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது, எட்டு எழுத்துகூட இல்லை. ஆக்னஸ் கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்குப் பால் கிடையாது என்பது வீட்டுக்கு மட்டுமா. ஆறு வருடம், அவள் எழுத எழுத அவன் உருட்ட உருட்ட, எல்லாம் திருவேங்கடம், திருவேங்கடம், திருவேங்கடம். அவன் லீவு போட்ட நாட்களில் மட்டும் அவளே சேர்த்திருப்பாள், அந்த நாட்களில் மட்டும் மெயினில் ஆக்னஸ் என்று இருக்கும்.

அந்த லிஸ்ட். வேண்டாம், இப்போது லிஸ்டைப் பற்றி நினைக்க வேண்டாம், முதலில் இந்தச் சிக்கலைப் பார்க்கலாம். இடது கையை மடியில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டான். இவர்கள் எழுதுவது தண்ணீர் லாரிக்கான மென்பொருள். புறநகரில் எந்த அபார்ட்மென்ட்டுக்கு எந்த லாரி எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் லாரி திரும்பும், எந்தத் தெருவில் திரும்பாது, எல்லாம் அது சொல்லும். அதில் ஒரு பழைய நோய் உண்டு. எந்த வழித்தடமானாலும் கடைசி வீட்டை அது எண்ணாமல் விட்டுவிடும். லாரி கடைசிக்கு முந்தின வீட்டோடு திரும்பிவிடும். கடைசி வீட்டுக்காரர்கள் போன் போட்டுக் கத்துவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் அந்தக் கத்தல் தாங்காமல் திருவேங்கடம் ஒரு காரியம் செய்தான். நோய் எங்கே என்று தேட நேரம் இல்லை, நேரம் இருந்தது, பிடிபடவில்லை, அதனால் எல்லா வழித்தடத்தின் முடிவிலும் இல்லாத ஒரு வீட்டைச் சேர்த்துவிட்டான். கடைசி வீடுதானே விட்டுப்போகும், போகட்டும், அது இல்லாத வீடு. நிஜ வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் போயிற்று. நிர்வாகம் பாராட்டி ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தது, அதில்தான் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறான். இப்போது ஆக்னஸின் கிளை அந்த நோயையே பிடித்துச் சரிசெய்திருக்கிறது. அவள் பக்கத்தில் அந்த இல்லாத வீடு இடிக்கப்பட்டுவிட்டது. அவன் பக்கத்தில் போன வாரம்தான் அந்த வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் முட்டுக் கொடுத்திருந்தான். ஒரே இடம், இரண்டு கை. திரையில் மேலே அவனுடையது, நடுவில் ஒரு கோடு, கீழே அவளுடையது. இந்த இடத்தில் அவளுடையது நாலே வரி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது அவள்தான் சரி என்று, அதைப் பார்த்துக்கொண்டுதான் இருபது நிமிடமாக உட்கார்ந்திருக்கிறான்.

சரி, லிஸ்ட். நினைக்காமல் இருக்க முடியுமா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். மூன்று வாரத்துக்கு முன் நிகிலேஷ் வந்து மேசை ஓரத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்தான். "அண்ணா, டீம்ல யார் எவ்ளோ பண்ணிருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் வேணும். ஆறு வருஷத்துக்கு. பேருக்கு எத்தனை வரின்னு கிட்லயே எடுக்கலாமாமே, நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட்." எடுக்கலாம். யார் எதை எழுதினார்கள் என்று கணக்கு வைப்பதுதானே கிட்டின் வேலை, ஒரு வரிக் கட்டளை. எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு நாளாகப் பேன்ட்ரியில் ஏலக்காய் டீயோடு சேர்த்து எல்லாரும் அதைத்தானே பேசிக்கொண்டிருந்தார்கள். அடித்தான். வந்தது. திருவேங்கடம் நாற்பத்தோராயிரத்து இருநூறு. ஆக்னஸ் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. முதலில் சிரிப்புதான் வந்தது, சத்தியமாக. பிறகு ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை அவனால் மன்னிக்க முடியவில்லை. நிகிலேஷ் கேட்டது மெஷின் சொல்வதை, மெஷின் சொன்னதைக் கொடுத்தேன், இதில் நான் எங்கே பொய் சொன்னேன் என்று அன்று முழுக்க தனக்குள் வக்கீல் வைத்து வாதாடினான். அனுப்பிவிட்டான். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. போகவில்லையே. போன வாரம் புதன்கிழமை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நிகிலேஷ் பாட்டிலை நிரப்பிக்கொண்டே கேட்டான், "அண்ணா, ஆக்னஸ் சொல்றாங்க, அவங்க வேலை நிறைய உங்க பேர்லதான் ஏறிருக்குன்னு. அப்படியா?" தலை நிமிராமல், சாதாரணமாகத்தான் கேட்டான். ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா. அந்த ஒரு நொடியில் மகளின் டியூஷன், மனைவி மல்லிகா காலையில் சொன்ன ஏதோ ஒன்று, நாற்பத்தேழு வயதில் பையோடு இன்டர்வியூவுக்கு வரிசையில் நிற்கும் ஒரு வழுக்கைத் தலை, எல்லாம் வந்து போயிற்று, வாய் தானாகச் சொல்லியது: "கொஞ்சம் இருக்கும்." கொஞ்சம் இருக்கும். நிகிலேஷ் தலையாட்டிவிட்டு மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டான். இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய், பொய் சொல்லிவிட்டோம் என்று ஒரு நாள் பயந்தாவது திருத்தியிருப்பான். இது பொய்யும் கிடையாது. அதனால்தான் திருத்தவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அதனால்தான் இன்று காலை ஒன்று செய்தான். ஆறு வருடத்தில் முதன்முறையாக, உருட்டாமல், வெறும் மெர்ஜ் என்று அடித்தான். அப்படிச் சேர்த்தால் ஆக்னஸின் கிளையில் இருக்கும் அறுபத்து மூன்று கமிட்டும் அவள் பெயரோடு, நாளோடு, நேரத்தோடு அப்படியே மெயினில் போய் உட்காரும். அறுபத்து மூவர், மயிலாப்பூரில் பல்லக்கில் வருவார்கள், இங்கே நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று தனக்குத் தானே ஒரு கிண்டல் வேறு. நிகிலேஷிடம் போய்ப் பேச வேண்டாம், யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டாம், ஆனால் பெயர் இருக்கும். நோகாமல் நோன்பு கும்பிடுகிற வழி. அந்த அறுபத்து மூன்றையும் ஒரு தடவை பார்க்கலாமே என்று பட்டியலைத் திறந்தான். இதுவரை அவன் அவற்றைப் படித்ததே இல்லை. எப்படியும் அழிக்கப்போவதை யார் படிப்பார்கள். ஆக்னஸ் தூத்துக்குடிக்காரி, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி வைத்திருந்தாள். 'மேடவாக்கம் லாரி ஏன் தாம்பரம் போகுது.' அடுத்தது, 'இனிமே போகாது.' 'சாப்ட்டு வந்து பாக்கேன்.' 'சாப்ட்டாச்சு, இன்னும் ஓடல.' 'இன்னைக்கு ஓடுது, நேத்து ஏன் ஓடலன்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம்.' திருவேங்கடத்துக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, சிரித்தான். பிறகு, 'அண்ணாச்சி ஆளில்லாத வீடு ஒண்ணு கட்டிருக்காரு. கேட்டுட்டு இடிக்கணும்.' அதற்கடுத்து, 'கேட்டா சங்கடப்படுவாரு. சொல்லாமலே இடிச்சாச்சு.' சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோப்பை வாங்கியபோது கை தட்டினாளே, அப்போதே தெரிந்திருக்குமோ. இன்னும் கீழே போனான். செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்து. அவளை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னது மூன்றரைக்கு. 'சொல்லிட்டாங்க. இத முடிச்சிட்டுப் போயிருவோம்.' அதற்குப் பிறகும் ஐந்து கமிட். வேலை போனது தெரிந்த பிறகு, மூன்று நாள் உட்கார்ந்து, நாலு வரிக்காக ஐந்து கமிட். கடைசியாக, நேற்று, 'கடைசி வீட்டுக்கும் தண்ணி போகுது. பாத்தாச்சு.'

"முடிஞ்சுதா அண்ணாச்சி?" நிமிர்ந்தால் ஆக்னஸ். கழுத்தில் அடையாள அட்டை இல்லை, அது இல்லாமல் அவள் யாரோ பார்க்க வந்தவள் போல நிற்கிறாள். கையில் அட்டைப் பெட்டி, மக்ரூன். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கொண்டுவருவாள். இன்று கடைசி நாள் இனிப்பு. போகச் சொன்னாலும் இனிப்பு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், இந்த ஆபீசில் அப்படி ஒரு பழக்கம். "எடுத்துக்கிடுங்க." எடுத்தான். வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். "ரெண்டையும் வச்சிராதீங்க. அப்புறம் லாரி நேரா உங்க ஆளில்லாத வீட்டு வாசல்ல போய் நின்னு ஹாரன் அடிக்கும்." "தெரியும், உன்னுதுதான் வைக்கப் போறேன்" என்றான். "ஆக்னஸ், இந்தத் தடவை ஸ்க்வாஷ் பண்ணல. அறுபத்து மூணும் உன் பேர்லயே போகும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். எதைப் பார்க்க எதிர்பார்த்தானோ அது அங்கே இல்லை. "எதுக்கு அண்ணாச்சி இப்போ?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிறவள் போல. "நிகிலேஷ் அந்த லிஸ்டை எனக்கும் காட்டுனாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. தேதி போட்டுப் பாத்தேன், எல்லாம் நீங்க லீவு போட்ட நாளு. உங்க அப்பா தவறுன பதினோரு நாளு, பாப்பா வயசுக்கு வந்தப்போ நாலு நாளு, அப்புறம் உங்களுக்கு அம்மை போட்டுச்சுல்லா, அந்த ஒரு வாரம். அவருகிட்ட சொன்னேன், நம்பலன்னா திருவேங்கடம் அண்ணாச்சிட்டயே கேளுங்கன்னு. கேட்டாராம்லா." திருவேங்கடம் மக்ரூனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது விரல் சூட்டில் ஒட்ட ஆரம்பித்தது. "கொஞ்சம் இருக்கும்னீங்களாம்" என்றாள் ஆக்னஸ். அவள் பெட்டியை மூடினாள். "பாப்பாவுக்குப் பரீட்சை இருக்குல்லா. எனக்கு யாரு இருக்கா, அம்மா மட்டுந்தான், அதனாலதான் அப்படிச் சொல்லிருப்பீங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டாத்தான் சோறு எறங்குது. வாரேன்." நிகிலேஷ் அறைக்குள் போய் அவனுக்கும் இனிப்பு நீட்டினாள். அவன் எழுந்து நின்று இரண்டு எடுத்துக்கொண்டான்.

பன்னிரண்டு நாற்பது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, நிகிலேஷின் கதவு பதினாறு அடி தூரம். போய்ச் சொல்லலாம், கொஞ்சம் கிடையாது நிகிலேஷ், முக்கால்வாசி. முக்கால்வாசிதானா? அதுவும் தெரியாது. சொன்னால் இந்த நாற்காலி, இந்த ஏசிக் காற்று, எல்லாம் ஆக்னஸுக்கு. முதலில் மெர்ஜை முடித்துவிடலாம், அது முடிந்தால் மனசு கொஞ்சம் நேராகும், பிறகு போகலாம் என்று தன்னிடமே தவணை வாங்கிக்கொண்டான். தன் பக்கத்து வரிகளை அழித்தான். இல்லாத வீடு போயிற்று, இரண்டு வருடம் நின்ற வீடு. அவளுடைய நாலு வரி நின்றது. சேர்த்துவிட்டேன் என்று சொல்லி சர்வருக்கு அனுப்பினான். சர்வர் திருப்பி அனுப்பியது. சிவப்பில் ஒரு வரி: இங்கே இப்படிச் சேர்க்க அனுமதி இல்லை, வரலாற்றைச் சுத்தமாக வைத்திருக்கவும், ஸ்க்வாஷ் செய்து அனுப்பவும். அவன் எழுதிய வாக்கியம். கடைசியில் ஒரு ஆச்சரியக்குறிகூடப் போட்டிருந்தான், அப்போது நாற்பத்தொரு வயது, உற்சாகம். அந்தப் பூட்டைத் திறக்கவும் அவனிடம்தான் சாவி இருக்கிறது. திறந்தான். ஒரு கட்டம் வந்தது: விதியை மாற்றுவதற்கான காரணத்தை எழுதவும், இது டீம் முழுவதற்கும் அனுப்பப்படும். அதையும் அவன்தான் அன்று சேர்க்கச் சொன்னான், யாரும் திருட்டுத்தனமாக விதியை மாற்றிவிடக் கூடாது என்று. காரணம். கட்டத்துக்குள் கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது. ஆக்னஸின் என்று அடித்தான். அழித்தான். இதுவரை நான் என்று அடித்தான். அதையும் அழித்தான். கண்ணாடி அறைக்கு வெளியே மூன்று பையன்களும் ஆக்னஸோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், திருவேங்கடம் சாரையும் கூப்பிடுங்கடா என்று ஒருவன் சொல்வது கேட்டது, அவரு மெர்ஜ்ல இருக்காருடா, டிஸ்டர்ப் பண்ணாத என்று இன்னொருவன் சொன்னான். கட்டத்தை மூடினான்.

எல்லாவற்றையும் பின்னுக்கு எடுத்தான், மறுபடி முதலிலிருந்து, ஸ்க்வாஷ் என்று அடித்தான். அதே சிக்கல் மறுபடி வந்தது, இந்த முறை அரை நிமிடத்தில் பிரித்தான், கைக்கு வழி தெரியும். கமிட் என்றதும் திரை விரிந்தது. என்ன குறிப்பு எழுதப் போகிறாய் என்று கேட்டு, உதவிக்கு, உருட்டப்படும் அறுபத்து மூன்றையும் அதுவே வரிசையாக எடுத்து வைத்திருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஆக்னஸ், ஆக்னஸ், ஆக்னஸ். இது எப்போதும் இப்படித்தான் வரும், ஆறு வருடமாக வருகிறது. இதை இப்படியே விட்டுவிட்டுச் சேமித்தால் போதும், விதி எதுவும் தடுக்காது, காரணம் எதுவும் கேட்காது, யாராவது ஒருநாள் திறந்து பார்த்தால் தெரியும். பெயரைத் தனியாகப் போடும் கட்டளைகூட இருக்கிறது. இரண்டும் தெரிந்தவன்தான். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கப் பார்த்தேனே, அவள் பெயரை அவளுக்கே தானம் கொடுப்பது போலச் சொன்னேனே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, இடது கை தட்டக் கர்சர் பட்டியலின் தலைக்குப் போய் நின்றது, வலது விரல் மொத்தத்தையும் அழிக்கும் இரண்டு எழுத்தைத் தட்டியது, அறுபத்து மூன்றும் போயிற்று. பழக்கம். பழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டான். திரும்பக் கொண்டுவர ஒரே ஒரு எழுத்து போதும், அதையும் தட்டவில்லை. வழித்தடப் பிழை சரிசெய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிச் சேமித்து அனுப்பினான். சர்வர் வாங்கிக்கொண்டது. எழுதியவர், திருவேங்கடம். கிளை முழுவதும் சேர்த்துக் கூடிய வரிகள், நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. லிப்ட் வாசலில் ஆக்னஸ் யாருக்கோ கையாட்டினாள், அவனுக்காகவும் இருக்கலாம். கதவு மூடியது. மக்ரூனை வாயில் போட்டான், அது கரைந்து வெறும் இனிப்பாகப் போயிற்று. ஒரு மணிக்கு நிகிலேஷிடமிருந்து செய்தி வந்தது: சூப்பர்ண்ணா, தேங்க்ஸ். மேல ஆள் குறைக்கறத ஒரே ஒரு ரவுண்டோட விடமாட்டாங்க போல இருக்கு, அந்த லிஸ்டை இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேக்கறாங்க, நாளைலேர்ந்து புதுக் கணக்கு, அந்தந்த மூணு மாசத்துல எழுதினது மட்டும். அடுத்தது மார்ச்ல. நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க. சரி என்று பதில் போட்டான். பேனாக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உருட்டுவதற்கு இனி ஆக்னஸின் கிளை வராது, மார்ச் லிஸ்டில் அவன் பெயருக்கு எதிரே முதன்முறையாக அவன் எழுதியது மட்டும் வரும்.